புரோக்கர் வேண்டாம் எண்டால், அவற்ர வேலையை ஆர் செய்யிறது?



இந்தக் கிழமைப் பொட்காஸ்ட்டில் செய்தி வரிசைகளைப் பற்றிக் கதைச்சனாங்கள். காஃப்கா, ரபிட்எம்க்யூ எண்டு போய் நேரம் முடிஞ்சிட்டுது. புரோக்கரே இல்லாமல் செய்தி அனுப்புற லைப்ரரிகளுக்குக் கடைசியில கொஞ்ச நிமிஷம்தான் மிஞ்சினது. அதுக்குள்ள சொல்லி முடிக்க ஏலாத ஒரு கருத்து எனக்கு இருக்கு. அதை இங்க எழுதுறன்.

கருத்து இதுதான்: சின்ன வேலைக்குப் பெரிய புரோக்கரைக் கூப்பிடாதேங்கோ. ஆனால் புரோக்கரை விட்டவுடன அவர் செய்த வேலையும் இல்லாமல் போயிட்டுது எண்டு நினைக்காதேங்கோ. அது அப்படியே உங்கட தலையில வந்து விழும். விழுந்தது தெரிஞ்சு செய்தால் அருமையான வழி. தெரியாமல் செய்தால், ஆற்றையோ செய்தி ஒண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் தொலையும்.

புரோக்கர் எண்ட சொல்லை எங்களில கனபேர் முதலில கேட்டது வீட்டுக் குசினியில. கலியாணப் புரோக்கர். அவர் என்ன செய்யிறவர்? ரெண்டு வீட்டு விலாசமும் அவரிட்டை இருக்கும். ஒரு வீட்டில குடுத்த சாதகத்தை, மற்ற வீட்டில ஆள் இல்லாட்டி, கையில வைச்சிருந்து பிறகு கொண்டுபோய்க் குடுப்பார். "நாங்கள் அனுப்பினது கிடைச்சதோ?" எண்டு கேட்டால் பதில் சொல்லுவார். அதுக்கு அவருக்குக் கூலி.

மென்பொருளில் புரோக்கர் செய்யிறதும் இந்த மூண்டு வேலைதான். விலாசம் தெரிஞ்சிருக்கிறது, வைச்சிருந்து குடுக்கிறது, பொறுப்புச் சொல்லுறது. கூலி என்னெண்டால் இன்னொரு சேர்வர். காஃப்காவுக்கு ஜாவா வேணும், ரபிட்எம்க்யூவுக்கு எர்லாங் வேணும். அதை நிறுவ வேணும், புதுப்பிக்க வேணும், இரவில விழுந்தால் எழும்பிப் பார்க்க வேணும். அது விழுந்தால் மற்ற எல்லாம் நிக்கும்.

கோடு போட்ட வட்டம்

புரோக்கரை விலக்கிப் பார்ப்பம் எண்ட யோசனை, புரோக்கர் எழுதின ஆக்களிட்டை இருந்துதான் வந்தது. 2000களின் முதற்பாதியில் ஜேபி மோர்கன் வங்கிக்குள் ஏஎம்க்யூபி என்ற செய்தி நெறிமுறை தொடங்கியது. ரபிட்எம்க்யூ இன்றும் பேசுவது அதைத்தான். அந்த நெறிமுறைக்கு முதலில் மென்பொருள் எழுதியவர்களில் ஐமேடிக்ஸ் என்ற நிறுவனமும் ஒன்று. அதை நடத்தியவர் பெல்ஜியத்தில் வாழ்ந்த பீட்டர் ஹின்ட்ஜென்ஸ். நெறிமுறை தடித்துக்கொண்டே போவதைப் பார்த்து, 2008இல் அதன் குறைகளை வெளிப்படையாக எழுதினார். அதற்கு முதல் வருஷமே, 2007இல், சுலோவாக்கியரான மார்ட்டின் சுஸ்ட்ரிக்கும் அவரும் சேர்ந்து இன்னொன்றைத் தொடங்கியிருந்தார்கள். அதுதான் சீரோஎம்க்யூ. பெயரில் உள்ள பூச்சியத்துக்கு ஆரம்பத்தில் இருந்த பொருள், பூச்சியம் புரோக்கர்.

அந்தப் பூச்சியத்தை அவர்கள் எழுதிய விதம் எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விதம்: வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. உலகத்துக்கு அது பூச்சியம். முதலாம் வகுப்பில நோர்வேஜிய அரிச்சுவடி படிச்ச எங்களுக்கு அது கடைசிக்கு முதல் எழுத்து. டேனிஷ்காரர் சிலர், "இது பூச்சியம் இல்லை, எழுத்து" எண்டு சண்டைக்கு வந்ததைச் சீரோஎம்க்யூவின் வழிகாட்டி நூலே பகிடியாகச் சொல்லுது.

இன்னொரு உறவும் எங்கட ஊரோட இருக்கு. சீரோஎம்க்யூ எழுதப்பட்டது சி++இல். ஃபோர்ஷ்னிங்ஸ்பார்க்கன் டி-பானே நிலையத்துக்குக் கிட்ட ஓலே-யோஹான் டால் பெயரில ஒரு கட்டடமும், கிறிஸ்தென் நீகோர் பெயரில இன்னொரு கட்டடமும் நிக்குது. இன்ஃபர்மாடிக் படிச்ச ஆக்கள் தினமும் உள்ள போய் வந்திருப்பீங்கள். 1960களில் நோர்ஸ்க் ரெக்னசென்ட்ராலில் இந்த இருவரும் உருவாக்கிய சிமுலா மொழிதான் வகுப்பு, பொருள் என்ற கருத்துகளை நிரலாக்கத்துக்குத் தந்தது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்குச் சிமுலாவைப் பயன்படுத்திய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979இல் பெல் ஆய்வகத்தில் அந்த வகுப்புகளைச் சி மொழிக்குள் கொண்டுவந்தார். அது வளர்ந்து சி++ ஆனது. டாலுக்கும் நீகோருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002இல் இருவரும் ஆறு கிழமை இடைவெளியில் காலமானார்கள்.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச திருப்பம் 2012இல் வருகுது. சீரோஎம்க்யூவின் பெரும்பகுதியை வடிவமைத்த சுஸ்ட்ரிக், தான் அதை சி++இல் அல்லாமல் சியில் எழுதியிருக்க வேண்டும் என்று எழுதினார். காரணம் ரசனை சார்ந்ததல்ல. செய்தி லைப்ரரி ஒரு அடித்தளம், அது விழக்கூடாது. பிழை எங்கே எழுந்ததோ அங்கேயே பிடித்துத் தீர்க்கவேண்டும். சி++இன் எக்ஸெப்ஷன் முறையில் பிழை எழும் இடம் ஒன்று, பிடிக்கும் இடம் இன்னொன்று. இடையில் பொருள்கள் எந்த நிலையில் கிடக்கின்றன என்பது மங்கிப் போகிறது. சொன்னபடியே அவர் அடுத்து எழுதிய நானோமெசேஜ் லைப்ரரி சியில் வந்தது. அதைப் பராமரித்த காரெட் டி'அமோர் முழுவதையும் திரும்ப எழுதினார். அதன் பெயர் என்என்ஜி, முதல் நிலையான பதிப்பு 2018இல். அதுவும் சியில்தான்.

இப்ப இது ஆற்ர கையில?

இனி ரஸ்ட்டுக்கு வருவம். என்என்ஜியை ரஸ்ட்டில் பாவிக்க ஒரு உறை இருக்கு. உள்ளுக்குள்ள ஓடுறது அதே சி குறியீடு. அப்ப ரஸ்ட்டால என்ன லாபம்?

சியில் ஒரு செய்திப் பொருளை அனுப்பும்போது விதி இது. அனுப்புற அழைப்பு வெற்றியெண்டால் செய்தி லைப்ரரிக்குச் சொந்தம். அதுக்குப் பிறகு நீங்கள் அதைத் தொடக்கூடாது. தோல்வியெண்டால் அது இன்னும் உங்களுக்குத்தான் சொந்தம். நினைவகத்தை விடுவிக்கிறதும் உங்கட பாடு. விதி கையேட்டில தெளிவா இருக்கு. ஆனால் கையேட்டை வாசிக்காத ஆளைச் சி தடுக்காது.

ரஸ்ட்டில் அதே விதி, பெறுபேற்றின் வகைக்குள்ளேயே எழுதியிருக்கு. அனுப்புதல் தோற்றால் திரும்பி வாறது வெறும் பிழை மட்டுமில்லை. பிழையும், நீங்கள் அனுப்பப் பார்த்த செய்தியும் சோடியாத் திரும்பி வரும். விலாசத்தில ஆள் இல்லையெண்டு தபால் கந்தோர் திருப்பி அனுப்பின கடிதம் மாதிரி. இனி என்ன செய்யப் போறீங்கள்? திரும்ப அனுப்புறதா, டிஸ்கில எழுதி வைக்கிறதா, அறிஞ்சே குப்பையில போடுறதா? அந்தப் பெறுபேற்றைக் கவனிக்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும்.

புரோக்கரின் மூண்டாவது வேலை ஞாபகம் இருக்குதா? பொறுப்புச் சொல்லுறது. அந்த வேலையின் முதல் துண்டை ரஸ்ட் உங்கட மேசையில கொண்டுவந்து வைக்குது. இதனாலதான் புரோக்கர் இல்லாத செய்தியனுப்பலைப் பழக ரஸ்ட் நல்ல மொழி எண்டு நினைக்கிறன். வேகம் எனக்கு ரெண்டாம் பட்சம்.

அளவுக்கு மிஞ்சி நம்பவும் கூடாது. "அனுப்பியாச்சு" எண்டால் "கிடைச்சிட்டுது" எண்டு அர்த்தம் இல்லை. லைப்ரரி தன்ர வரிசையில அதை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ரஸ்ட் காப்பாத்துறது உங்கட நினைவகத்தை. வலைக்குள்ள இறங்கின செய்தியை அது காப்பாத்தாது.

எந்தச் செய்தி தொலையலாம்?

இந்த லைப்ரரிகள் ஒவ்வொரு உரையாடல் முறைக்கும் ஒரு சொக்கெட் வகை தருகுது. ஒவ்வொரு வகைக்கும் தொலைக்கிற விதம் வேற வேற. இதைத் தெரியாமல் சொக்கெட் தெரிவு செய்யிறதுதான் பெரிய ஆபத்து.

பப்-சப்: ஒருத்தர் சொல்ல கனபேர் கேக்கிறது. கேக்கிற ஆள் மெதுவெண்டால் அவருக்குப் போற செய்தி சத்தமில்லாமல் விழும். பிந்தி வந்த ஆளுக்கு முந்திச் சொன்னது கிடையாது. சீரோஎம்க்யூவில் வரிசையின் வழமையான உச்சவரம்பு 1000 செய்தி. அது நிரம்பினால் பப் சொக்கெட் செய்தியை எறியும். புஷ் சொக்கெட் எறியாமல் காத்துக்கொண்டு நிக்கும். ரெண்டுமே சரியான நடத்தைதான். உங்களுக்கு எது வேணும் எண்டதை நீங்கள்தான் சொல்ல வேணும்.

ரெக்-ரெப்: கேள்வியும் பதிலும். சீரோஎம்க்யூவின் சாதாரண ரெக் சொக்கெட், பதில் வரும்வரை அடுத்த கேள்வியை அனுப்ப விடாது. பதில் தொலைஞ்சால் அப்படியே நிக்கும். என்என்ஜி வேற மாதிரி. வழமையாக ஒரு நிமிஷத்துக்குள்ள பதில் வராட்டி கேள்வியைத் தானே திரும்ப அனுப்பும். வசதிதான். ஆனால் முதல் கேள்வி போய்ச் சேர்ந்து, வேலையும் முடிஞ்சு, பதில் மட்டும் வழியில தொலைஞ்சிருந்தால்? அதே வேலை ரெண்டு தரம் நடக்கும். "இப்ப நேரம் என்ன?" எண்ட கேள்விக்குப் பரவாயில்லை. "500 குரோனர் அனுப்பு" எண்ட கட்டளைக்கு?

சர்வே: ஒருத்தர் கேக்க எல்லாரும் பதில் சொல்லுறது. என்என்ஜியில் வழமையான கெடு ஒரு செக்கன். பிந்தி வந்த பதில் கணக்கில இல்லை.

இதை வடிவாப் புரிஞ்சு பாவிக்கிற ஒரு உதாரணம் பிட்கொயின் கோர். புதுப் பிளாக் வந்தது, புதுப் பரிவர்த்தனை வந்தது எண்டு அது சீரோஎம்க்யூ பப் சொக்கெட்டில அறிவிக்கும். அந்த அறிவிப்புத் தொலையலாம் எண்டு அவையின்ர ஆவணமே சொல்லுது. அதால ஒவ்வொரு அறிவிப்பிலயும் ஒரு வரிசை எண் வைச்சிருக்கினம். 41க்குப் பிறகு 43 வந்தால், 42ஐக் காணேல்லை எண்டு கேக்கிற பக்கத்துக்கு விளங்கும். உண்மையை நேரடியா நோடிட்டைக் கேட்டு எடுக்கலாம். தொலையிறதைத் தடுக்கேல்லை, தொலைஞ்சது தெரியிற மாதிரிச் செய்திருக்கினம். எனக்கு இது சரியான நேர்மையா இருக்கு.

இது விளையாட்டுச் சாமான் இல்லை எண்டதுக்கு இன்னும் ரெண்டு சாட்சி. நோர்வேயும் தொடக்க உறுப்பினரான சேர்ன் ஆய்வுகூடம், தன் துகள் முடுக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பழைய கோர்பாவை மாற்றுவதற்காகப் பல லைப்ரரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 2011இல் சீரோஎம்க்யூவைத் தெரிந்தெடுத்தது. மற்றது உங்கட மடிக்கணினியிலேயே இருக்கலாம். ஜுப்பிட்டர் நோட்புக்கில ஒரு கட்டத்தை ஓட்டினால், அந்தக் குறியீடு கேர்னலுக்குப் போறதும் விடை திரும்பி வாறதும் சீரோஎம்க்யூ சொக்கெட்டுகள் வழியாத்தான். ஒரு கேர்னலுக்கு ஐஞ்சு சொக்கெட். அதில ஒண்டு "உயிரோட இருக்கிறியா?" எண்டு கேக்கிறதுக்கு மட்டும்.

விளையாட்டு விழாக் கணக்கு

எங்களுக்குக் கிட்டின உதாரணத்தை எடுப்பம். கோடையில தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழா. ஓட்டம் ஒரு மூலையில, நீளம் பாய்தல் இன்னொரு மூலையில, குண்டு போடுதல் அங்கால. நடுவில முடிவுகள் எழுதுற மேசை. எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒரு பெரிய திரை. இதைச் செய்து தரச் சொல்லி உங்களைக் கேட்டால், முகில் சேவையில காஃப்கா எடுக்கப் போறீங்களா? மைதானத்தில இணையம் ஒழுங்கா இருக்குமோ எண்டதே கேள்வி. ஒரு ரவுட்டரும் நாலு மடிக்கணினியும் காணும். இது என்என்ஜிக்கு அளவெடுத்துத் தைச்ச வேலை.

இப்ப செய்திகளைப் பிரிச்சுப் பாருங்கோ. திரையில ஓடுற நேரம் தொலைஞ்சால் ஒண்டுமில்லை, அடுத்த செக்கன் அடுத்தது வரும். பப்-சப் போதும். "எந்த மூலை தொடர்பில இருக்கு?" எண்டதுக்கு சர்வே. ஆனால் 60 மீற்றர் ஓட்டத்தில மூண்டாவதா வந்த ஒன்பது வயசுப் பிள்ளையின்ர முடிவு? அது தொலைஞ்சால் மேடையில பெயர் கூப்பிடாது. அந்தப் பிள்ளை எங்களிட்டை வந்து வரிசை உச்சவரம்பைப் பற்றிக் கேக்காது. அழும். இல்லத்துக்குப் புள்ளியும் போயிடும், பெற்றோர் மேசையைச் சுத்தி நிப்பினம்.

அப்ப அந்த ஒரு செய்திக்கு மட்டும் புரோக்கர் வேலையை நீங்கள் செய்ய வேணும். முடிவை அனுப்ப முதல், அந்த மூலையில இருக்கிற கணினியிலேயே எஸ்க்யூலைட்டில எழுதி வையுங்கோ. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தனி எண் குடுங்கோ. ரெக்-ரெப்பில அனுப்புங்கோ. மேசைக் கணினி தன்ர டிஸ்கில எழுதின பிறகுதான் "கிடைச்சுது" எண்டு பதில் சொல்ல வேணும். அதே எண் ரெண்டாம் தரம் வந்தால் திரும்ப எழுதாமல் "கிடைச்சுது" எண்டு மட்டும் சொல்ல வேணும். இவ்வளவுதான். லைப்ரரி திரும்ப அனுப்பினாலும் புள்ளி ரெண்டு தரம் ஏறாது.

சின்ன விஷயம் ரெண்டு. மேசைக் கணினி எழும்ப முதல் மூலைக் கணினி எழும்பினால், என்என்ஜியில் சாதாரணமா இணைக்கப் போற அழைப்பு உடனே பிழை தரும். பின்னணியில தொடர்ந்து முயற்சி செய்யச் சொல்லி அழைக்க வேணும். பிறகு எந்த ஒழுங்கில ஆர் எழும்பினாலும் சேரும். மற்றது, சாதாரண டிசிபி இணைப்பில போறதெல்லாம் திறந்த கடிதம். புரோக்கர் இருந்தால் வாசலில ஒரு காவல் வைக்கலாம். இங்க வாசலும் நீங்கள்தான். பிள்ளைகளின்ர பெயரும் வயசும் போகுது எண்டால், 2018 யூலையில இருந்து நடைமுறையில இருக்கிற தனிநபர் தரவுச் சட்டத்தையும் ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்கோ. என்என்ஜியில் டிஎல்எஸ் வசதி இருக்கு, பாவியுங்கோ.

எங்க நிப்பாட்ட வேணும்?

நான் புரோக்கருக்கு எதிரி இல்லை. நாவ் காஃப்கா பாவிக்குது. அவையின்ர குறியீட்டின் பெரும்பகுதி கிட்ஹப்பில திறந்து கிடக்கு, போய்ப் பாருங்கோ. அங்க காஃப்கா பொருந்துது. ஒருத்தருக்குப் பிள்ளை பிறந்த செய்தி, வேலை போன செய்தி, ஓய்வூதிய வயசு வந்த செய்தி எல்லாம் தொலையக் கூடாதவை. ஒரே செய்தியைக் கன குழுக்கள் வாசிக்க வேணும், இன்னும் எழுதப்படாத மென்பொருள் ஒண்டு பிறகு வந்து முதலில இருந்து வாசிக்க வேணும். அதுக்கு நல்ல நினைவுள்ள தரகர் கட்டாயம்.

எல்லைக் கோடு எனக்கு இப்படித் தெரியுது. விளையாட்டு விழாவில தொலையக் கூடாத செய்தி வகை ஒண்டுதான் இருந்தது. அதுக்கு ஒரு எஸ்க்யூலைட் கோப்பும் ஒரு எண்ணும் காணும். உங்கட திட்டத்தில அப்படியான செய்தி வகை ஐஞ்சு, பத்து எண்டு கூடி, ஒவ்வொண்டுக்கும் சேமிப்பு, திரும்ப அனுப்பல், ஆர் வாசிச்சது எண்ட கணக்கு எல்லாம் எழுதத் தொடங்கினால், கையை எடுங்கோ. நீங்கள் ஒரு புரோக்கரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீங்கள், அதுவும் சோதிக்கப்படாத புரோக்கரை. ரபிட்எம்க்யூவை நிறுவிப்போட்டு நித்திரைக்குப் போங்கோ.

ஆனால் தொடக்கத்திலேயே அங்க ஓடாதேங்கோ. வேலை விளம்பரத்தில காஃப்கா எண்டு இருக்குது, அதால எல்லாரும் வீட்டுத் திட்டத்துக்கும் அதையே நிறுவினம். அப்படிப் பழகினால், தொலையலாமா கூடாதா எண்ட முடிவை வேற ஆரோ எடுத்து வைச்ச இயல்பு அமைப்புக்குள்ளேயே வளருவீங்கள். பிறகு ஒருநாள் பெரிய அமைப்பில வேலைக்குச் சேரேக்க, எந்த உத்தரவாதத்தை உங்கட நிரல் எதிர்பார்க்குது எண்டு கேட்டால் பதில் இருக்காது. ஒரு வார இறுதியில என்என்ஜியோட ரெண்டு ரஸ்ட் நிரல் எழுதி, நடுவில ஒண்டை வேணுமெண்டே கொலை செய்து பாருங்கோ. என்ன தொலைஞ்சது, என்ன ரெண்டு தரம் வந்தது எண்டு எண்ணுங்கோ. காஃப்காவின் அமைப்புக் கோப்பு அதுக்குப் பிறகுதான் வடிவா விளங்கும்.

குறியீடு எழுத முதல் ஒரு தாளில ஒவ்வொரு செய்தி வகைக்கும் நேரே மூண்டு பதில் எழுதுங்கோ. இது தொலைஞ்சால் ஆருக்கு என்ன நடக்கும்? இது ரெண்டு தரம் வந்தால் என்ன நடக்கும்? தொலைஞ்சது எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியவரும்? மூண்டாவதுக்குப் பதில் வெறுமையா இருந்தால், புரோக்கர் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தத் திட்டம் இன்னும் தொடங்கத் தயாரில்லை.

நீங்கள் செய்யிற திட்டம் ஒண்டுக்கு இந்தத் தாளை நிரப்பினால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. தமிழிலயோ நோர்வேஜியனிலயோ, கலந்தோ, எப்பிடியும் பரவாயில்லை. கேக்கச் சுவாரசியமா இருக்கிறதை வாற பாகத்தில எடுத்துக் கதைப்பம்.